லடாக் பைக் பயணத்துக்கு முன் 'ப்ரீலோட் ஏற்று' என்கிறார்களே, அது என்ன?

பின்சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் உள்ள ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பதுதான் ப்ரீலோட். பல பைக்குகளில் ஸ்பிரிங்கை ஒட்டி ஒரு காடி வெட்டிய வளையம் இருக்கும். கொக்கி ஸ்பானரால் அதைத் திருப்ப வேண்டும்.

ஏன்? பெட்டி, கூடாரம், கூடுதல் பெட்ரோல் எல்லாம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். திண்ணையிலிருந்து குதிக்கும்போது முழங்கால் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே குந்தியிருப்பவர் குதித்தால்? நேரே முதுகெலும்புக்குத்தான் அடி. மணாலி–லே சாலைப் பள்ளங்களில் தாழ்ந்த பைக்கின் கதியும் அதுதான். போதாக்குறைக்கு, முன்சக்கரம் லேசாகிவிடும், ஹெட்லைட் மேலே பார்க்கும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் 200 மி.மீ. சாமான்களோடு நீங்களும் உட்காரும்போது அதில் சுமார் 60 மி.மீ. இறங்கினால் சரி. பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் வால்வரை ஒரு தடவை, ஏறி உட்கார்ந்தபின் ஒரு தடவை டேப் வைத்து அளந்தால் போதும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறங்கிய அளவு. அது 60-ஐ நன்றாகத் தாண்டினால் ப்ரீலோட் ஏற்ற வேண்டும். அளக்க மட்டும் நண்பர் ஒருவர் வேண்டும்.

அப்புறம், ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, ஸ்பிரிங் அதேதான், மாறுவது பைக் நிற்கும் உயரம்.