வெள்ளிக்கிழமை ஏலகிரி

ஐயா, வணக்கம்.

எனக்கு ஊர் குடியாத்தம். அப்பா லுங்கித் தறி வைத்திருக்கிறார். கவுன்சிலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காததால், வங்கிக் கடன் வாங்கி, சென்னைக்குத் தெற்கே ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிட்டார். வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் நான்தான். சென்னை என்று சொல்லிச் சேர்ந்தேன், சென்னையே கண்ணில் படவில்லை. என் பிரிவிலேயே இருபதுக்கு மேல் செக்‌ஷன். ஆசிரியர்கள் ரிஜிஸ்டர் நம்பரின் கடைசி மூன்று எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பிளஸ் டூவில் 600-க்கு 561 எடுத்தேன். இங்கே முதல் தேர்வில் கணக்கில் 50-க்கு 24. நான் தமிழ் மீடியம். ரூமில் மற்ற மூவரும் இந்தியும் தெலுங்கும் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவேன். திங்கள் விடியற்காலை அதே வண்டியில் திரும்புவேன். படிப்பை விட்டுவிட்டு வேலூரிலேயே சேர்ந்துவிடலாமா? அப்பாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

குடியாத்தம் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த 24. வகுப்பின் சராசரி என்ன என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ரிலேட்டிவ் கிரேடிங்தான் நடக்கிறது. நீங்கள் எடுத்த மார்க்கை வகுப்பின் சராசரியோடு ஒப்பிட்டு கிரேடு போடுவார்கள். சராசரி 19 என்றால் உங்கள் 24 நல்ல மார்க். 35 என்றால் கவலைப்பட வேண்டியதுதான். பிளஸ் டூ மார்க் ஊருக்கே தெரியும், தெருவில் பேனர்கூட வைப்பார்கள். இங்கே உங்கள் மார்க்குக்கு என்ன பொருள் என்பதையே நீங்கள் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள். வேலைநேரத்தில் ஆசிரியர் கேபினில் இருப்பார். விடைத்தாளோடு போய், "சார், எந்த ஸ்டெப்பில் மார்க் போச்சு?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் தப்பில்லை. கேபினில் வந்து நின்ற பையனை ஆசிரியருக்கு நம்பராக மட்டும் ஞாபகம் இருக்காது. நான் பதினாறு வருடம் வகுப்பெடுத்தவன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஓடி வந்தவன்தான். 1986-இல் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு ராத்திரி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிமுனையில் வேலூர் பஸ் ஏறினேன். விடியும்போது வாசலில் நின்ற என்னைப் பார்த்து அப்பா, "இன்னாப்பா, சாப்டியா?" என்றதோடு சரி. அடுத்த வருடம் வேலூரிலேயே படித்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் திருநெல்வேலிப் பையன். நாலு மாதத்தில் அவனோடு பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. நான் வந்த பிறகு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தான். "நீ போன பிறகுதான் எனக்கும் இங்கே யாரும் இல்லை என்று தெரிந்தது" என்று ஒரு வரி. அவனும் என்னைப் போலவே ராத்திரியில் விழித்துக் கிடந்திருக்கிறான். எனக்குத் தெரியவே இல்லை.

அதனால்தான் உங்கள் ரூமில் இருக்கும் மூன்று பேரைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் எந்த ஊர்? கடிதத்தில் மொழி இருக்கிறது, ஊர் இல்லை.

நான் காட்பாடியில் குடியிருக்கிறேன். இங்கே உங்கள் கதை தலைகீழாக நடக்கிறது. 1984-இல் 180 மாணவர்களோடு வேலூர் எஞ்சினியரிங் காலேஜாகத் தொடங்கியதுதான் இன்றைய விஐடி. 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சேர்க்கை சமயத்தில் தன்பாத் எக்ஸ்பிரஸும் சங்கமித்ராவும் வந்து நின்றால் பிளாட்பாரம் முழுக்க சூட்கேஸ்தான். ஆட்டோக்காரர்கள் இந்தியிலேயே பேரம் பேசுகிறார்கள். போன ஜூலையில் ஒரு அம்மா புது பிளாஸ்டிக் வாளியைக் கையை விட்டு இறக்காமல் நின்றிருந்தார். உள்ளே பழைய புடவைத் துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில். பையன் நாலடி தள்ளி, அந்த அம்மாவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெள்ளிக்கிழமை ஏலகிரி கிடையாது. ஊருக்குப் போக இரண்டு நாள் ஆகும். அதனால் போக மாட்டான். சனி, ஞாயிறில் வேறு வழியில்லாமல் நாலு பேரோடு துணி துவைப்பான், பரோட்டா தின்பான், கிரிக்கெட் ஆடுவான். தீபாவளிக்குள் அவனுக்கு அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும்.

உங்கள் சிக்கலே அந்த ரயில்தான் என்பது என் கணிப்பு. வாரநாட்களில் எல்லோரும் வகுப்புக்கும் லேபுக்கும் மெஸ்ஸுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பேச்சும் பழக்கமும் சனிக்கிழமைதான். அன்று நீங்கள் குடியாத்தத்தில் இருக்கிறீர்கள். அதோடு திங்கள் காலை ஏலகிரி சென்ட்ரலுக்கு வந்து, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, கேம்பஸுக்குள் நுழையும்போது முதல் இரண்டு வகுப்பு போயிருக்கும். வாரா வாரம் அதே இரண்டு பாடம். 75 சதவீத வருகையில் கை வைத்தால், மார்க் இருந்தும் தேர்வு எழுத விட மாட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று கணக்கோ?

சென்னை கண்ணில் படவில்லை என்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டித்தானே போகிறீர்கள்? அங்கே இருக்கிற கிறித்துவக் கல்லூரி 1937 வரை ஜார்ஜ் டவுனில் இருந்தது. இடம் போதாமல்தான் தாம்பரத்துக்குப் போனது. பெரிய கல்லூரிகள் நிலம் தேடித் தெற்கே போவது அப்போதே தொடங்கிவிட்டது. நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போனவர்தான் ராதாகிருஷ்ணன், பிற்பாடு குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் தத்துவம் எடுத்ததற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தத்துவப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தாராம். அவ்வளவுதான். இதை வைத்து உங்களுக்கு எந்த நீதியும் சொல்லப் போவதில்லை. தாம்பரம் வரும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள்.

சரி, விடுவது என்றே வைத்துக்கொள்வோம். பணக் கணக்கு பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம் திரும்பும். 30 நாளுக்குள் என்றால் பாதி. அதற்கு மேல் கட்டணம் திரும்பாது. சில வருடங்களில் இந்தக் கெடுவை அக்டோபர் கடைசி வரை நீட்டினார்கள். இது நவம்பர். இன்றைக்கு விட்டாலும், செமஸ்டர் தேர்வு எழுதிவிட்டு விட்டாலும் அப்பாவுக்கு நஷ்டம் ஒன்றுதான். பொறியியல் கவுன்சிலிங்குக்கும் அரசுக் கலைக் கல்லூரிக்கும் அடுத்த விண்ணப்பம் மே மாதத்தில்தான். அதுவரை வீட்டில் உட்கார்ந்து தறிச் சத்தம் கேட்பதற்குப் பதில் அங்கேயே தேர்வை எழுதலாம்.

மே மாதமும் இதே எண்ணம் இருந்தால் தாராளமாக வாருங்கள். பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கவுன்சிலிங் வழியாக வந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு, நிகர்நிலையில் அது கிடையாது. கலைப் படிப்பு என்றால் ஊரிசும் முத்துரங்கமும் இருக்கின்றன. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 விதியில் இருக்கிறது. கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று வங்கி மேனேஜரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில் அந்த 24-ஐயும் சொல்லிவிடலாம். தறியில் எத்தனை பாவு நூல் பாழானதைப் பார்த்த மனிதர், இதற்கு மயங்கி விழ மாட்டார்.

இந்த வாரம் ஊருக்கு வருகிறீர்கள் என்றால், கிளம்பும்போது வேலூரில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிப் போங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏலகிரியை விட்டுவிட்டு ரூமில் டப்பாவைத் திறங்கள். இந்திக்காரப் பையன், "இது குலாப் ஜாமுன்தானே?" என்பான். இல்லை என்று நிரூபிக்க அரை மணி நேரமாவது பேச வேண்டியிருக்கும், எந்த மொழியில் என்பது உங்கள் பாடு. எப்படிப் போனது என்று எழுதுங்கள்.