கிட்டாரைப் பூட்டி வைக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. போன வாரம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மகனை என் கிட்டார் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு வந்தீர்கள், உட்கார்ந்த உடனே "எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) முடியும்வரைக்கும் இந்தக் கிட்டாரைத் தூக்கிப் பூட்டி வைத்துவிடட்டுமா சார்" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நேரம் போதவில்லை. இதே கேள்வியோடு வருகிற வேறு பெற்றோரும் இருப்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் அவனை வாசிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். எஃப் கோர்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒரு பிடி) வந்த இடத்தில் கை தடுமாறியது. கிட்டார் பழகுகிற எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அது, சுட்டுவிரல் ஒன்றே ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தியாக வேண்டும். அப்புறம் நீங்களும் நானும் டியூஷன், கணக்குப் பாடம் என்று பேசப் போய்விட்டோம். அந்த நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கவனித்தீர்களா? சியிலிருந்து எஃப், எஃபிலிருந்து திரும்ப சி, சத்தம் வராமல், மெதுவாக, ஆறேழு தடவை. யாரும் சொல்லவில்லை. இடது கையைக் காட்டச் சொன்னேன், நான்கு விரல் நுனியும் காய்த்துப் போயிருந்தன.

பையனுக்குத் திறமை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான். தப்பு வந்த இடத்துக்குத் தானாகவே திரும்பிப் போகிற பிள்ளை வளரும். 16 வயதில் நானும் ஒரு கிட்டார் வாங்கினேன், தினமும் இரண்டு மணி நேரம் அதோடுதான் கிடந்தேன். இருபது பாட்டின் தொடக்கம் தெரியும், ஒரு பாட்டுகூட முழுசாகத் தெரியாது. கை வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அதற்குச் சாதகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதையாகிவிடலாம் என்று எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எரிக்சன் என்ற உளவியல் ஆய்வாளர் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண். அங்கே மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் பயிற்சி செய்திருந்தார்கள், ஆனால் கணக்கில் வந்தது தனியாக உட்கார்ந்து செய்த பயிற்சி மட்டும்தான், நண்பர்களோடு ஜாலியாக வாசித்த நேரம் அதில் சேராது. 2014-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியின் அளவு விளக்கியது. அதனால் மணிக்கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிப் பையனை விரட்ட வேண்டாம்.

15 வயது தாமதமா என்றும் கேட்டீர்கள். ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில் முதல் கிட்டார் வந்தபோது அவருக்கும் 15 வயதுதான், ஐந்து டாலருக்கு வாங்கிய பழைய கிட்டார். ஜாஸ் வாசித்த வெஸ் மாண்ட்கோமரி ஏறக்குறைய 20 வயதில்தான் தீவிரமாகத் தொடங்கினார், இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞரான சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அதே சுரங்களைக் கிட்டாரில் தேடிக் கண்டுபிடித்தார். சின்ன வயதில் தொடங்குவதில் பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. கம்பி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதையும், சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு அது இன்னும் கூடுதலாக இருப்பதையும் 1995-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகன் ஏற்கெனவே தொடங்கிவிட்டான், இனி அதைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது.

வாரம் அரை மணி நேர வகுப்பு என்றால் ஒரு வருஷத்துக்கு 26 மணி நேரம், அதுவும் ஒரு வாரம்கூட லீவு விடாமல் போனால். மிச்சம் எல்லாம் வீட்டில்தான். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் சரளி வரிசையை முதல் காலத்தில் மெதுவாகப் பாடி, அது நின்ற பிறகுதான் இரண்டாம் காலத்துக்குப் போவார்கள், அதேதான் இங்கேயும். போனில் இலவசமாகக் கிடைக்கிற, தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வைத்து, தடுமாறுகிற அந்த இரண்டு கோர்டை மட்டும் பத்து நிமிஷம். அப்புறம் பிடித்த பாட்டு ஒன்றைப் பேப்பரைப் பார்க்காமல் காதால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாரத்தில் ஒருநாள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள், கையில் போன் இல்லாமல்.

கிரேடு தேர்வு எழுதலாம், தப்பில்லை. பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மில் என்றால் ஆறாம் கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு ஈடான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வருஷம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பாட்டை மட்டுமே உருட்டுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சுவரில் எட்டாம் கிரேடு சான்றிதழ் தொங்கும், கல்யாண வீட்டில் ஒரு பாட்டுக்குக் கூட வாசிக்கச் சொன்னால் கை ஓடாது.

சரி, எஸ்பிஎம். மூன்றாம் படிவத்துக்கு இருந்த பிடி3 அரசாங்கத் தேர்வு 2022-லேயே போய்விட்டது, மூன்றாம் படிவத்தில் இருக்கிற அவனுக்கு இது நல்ல வருஷம். நாளைக்கு அவன் தேசியக் கலைக் கழகமான அஸ்வாராவில் இசை டிப்ளோமா படிக்க விரும்பினாலும் எஸ்பிஎம் கேட்பார்கள், மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழே கிடையாது. இதை உங்கள் எதிரிலேயே அவனிடம் சொன்னேன், முகம் கொஞ்சம் மாறியது, நல்லது. அதற்காகக் கிட்டாரைப் பூட்டினால் அவன் வாசிக்கிற நேரம் கணக்குப் புத்தகத்துக்குப் போகும் என்று நினைக்காதீர்கள், போனுக்குத்தான் போகும். ஐந்தாம் படிவத்தில் நாளுக்கு 20 நிமிஷமாகக் குறைத்துக்கொள்ளட்டும், நிறுத்த வேண்டாம்.

வேலை விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். கல்யாணக் கச்சேரி, ஹோட்டல் வாசிப்பு, வகுப்பு எடுப்பது என்று நாலைந்து இடத்திலிருந்து துண்டு துண்டாக வருகிற வருமானம்தான், ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் தானாகப் பிடிக்க முதலாளி இருக்க மாட்டார். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிற பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டுத்தான் அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். உங்களுக்காக இல்லை, அப்பாவிடம் காட்டுவதற்கு.

இன்னொன்று, அன்றைக்குச் சொல்ல மறந்தது. அவன் கிட்டாரை நான் வாங்கிப் பார்த்தேன், கம்பி துருப்பிடித்திருக்கிறது, பலகையிலிருந்து ரொம்ப உயரத்திலும் நிற்கிறது. எஃப் வராததில் பாதிப் பழி விரலுக்கு, பாதி அந்த உயரத்துக்கு. சனிக்கிழமை ஏதாவது ஒரு கிட்டார் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி போட்டு உயரத்தைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.