பழைய சாமான்களை வைத்து, குறைந்த செலவில் வீட்டை நாமே சரிசெய்துகொள்ள முடியுமா? எதைப் பழசாக வாங்கலாம்?

ஊரில் பூர்வீக வீடு இருக்கிறது, கையில் பெரிய பணம் இல்லை, இடித்த வீட்டுச் சாமானையும் காயலான் கடைப் பொருளையும் நம்பி இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்கலாம். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இது தொழில் இல்லை. ஆசாரிகளிடம் கேட்டும், செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழசாக வாங்கினால் உண்மையிலேயே லாபம் தருவது மரம்தான்.

2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் பகுதியில் முந்திரித் தோப்பும் பலா மரமும் வேரோடு சாய்ந்து கிடந்ததை அப்போது பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த பலாவும் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் மரம் கிடந்ததால் விறகுக்குக் கேட்கக்கூட ஆள் வரவில்லை. அப்பா மட்டும் அடிமரத்தை வாள்பட்டறைக்கு ஏற்றிப் போய் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்துக்கொண்டு வந்தார். மாட்டுக் கொட்டகைப் பரணில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் துண்டு வைத்து அடுக்கினார். நடுவில் காற்று போனால்தான் ஈரம் சீராக வடியும், பலகையும் வளையாமல் இருக்கும். அன்றைக்கு மஞ்சள் பூசியது போல இருந்த பலகைகள் நான் இறக்கியபோது தேன் நிறத்துக்கு வந்திருந்தன. எங்கள் சமையலறை அலமாரியும் தண்ணீர்ப் பானை வைக்கும் மேடையும் அந்தப் பலகைகளில் செய்தவைதான்.

உங்கள் வீட்டில் இப்படிச் சேமித்த பலகை இல்லாவிட்டாலும், இடித்த வீட்டு மரத்தில் இதே குணம் கிடைக்கும். பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிப்பு விடும். நாற்பது ஐம்பது வருடம் ஒரு சுவரில் நின்ற கதவு இதையெல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறது. இனிமேல் அது பெரிதாக மாறாது. புது மரக் கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்வளவு காய்ந்த மரம் அமைவது கஷ்டம்.

வாங்கும் இடமும் முக்கியம். புதுச்சேரியிலிருந்து ஆரோவில் போகும் வழியில் பழைய கதவு, ஜன்னல், தூண் விற்கும் கடைகள் இருக்கின்றன. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே அழகுக்கும் சேர்த்து விலை. நமக்குத் தேவை பூ வேலைப்பாடு இல்லாத, உறுதியான கொல்லைக் கதவு. வீடு இடிக்கும் காண்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் சொல்லி வைத்துவிட்டு, இடிக்கும் இடத்துக்கே போய்விடுங்கள். அவர்களுக்கும் ஏற்றுக்கூலி மிச்சம். எனக்கு ஒற்றைக் கதவு ஒன்று, கீல் தாழ்ப்பாளோடு 3,500 ரூபாய்க்கு அப்படித்தான் கிடைத்தது.

மரத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டி மரம் கணீரென்று சொல்லும், கரையான் தின்றது பொத்தென்று கேட்கும். நிலைச்சட்டம் வாங்கினால் தரையில் பதிந்திருந்த அடிக்கால் நுனியை ஆணியால் குத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம், கரையான் ஏறுவது அங்கிருந்துதான். கதவை ஒருபக்கமாகச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்த்தால் வளைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இழைப்புளியை எடுக்காதீர்கள். ஒரு காந்தத்தை மரம் முழுக்க ஓட்டுங்கள். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருந்தால் போதும், தீட்டி வைத்த இழைப்புளித் தகடு பல் விழுந்துவிடும்.

இப்போது கீல். நான் வாங்கிய கதவில் மூன்று கீல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ பெயிண்ட் ஏறி, பச்சைக் கட்டியாக இருந்தன. காந்தம் ஒட்டவில்லை. சரி, இரும்பு இல்லை என்று தெரிந்தது. பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டிக்கொள்ளும், அதனால் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் சட்டைப் பையில் இருப்பது நல்லது. கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். திருகாணித் தலையின் வெட்டு முழுக்கப் பெயிண்ட் அடைத்திருக்கும். உடைந்த ஆக்ஸா பிளேடு துண்டால் அந்த வெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகுதான் திருப்புளியை வைக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயனைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். சூட்டில் விரிந்து, ஆறும்போது பிடி விட்டுவிடும். பித்தளைத் திருகாணி மென்மையானது, பலம் கொடுத்துத் திருகினால் தலை கையோடு வந்துவிடும்.

கழற்றிய கீல்களை வாசலுக்கு வெளியே செங்கல் அடுப்பில், வீணாய்ப் போன அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுக் கொதிக்காமல் சூடாகவே அரை மணி நேரம் வைத்தேன். பெயிண்ட் ரப்பர் போல இளகித் தோலாக உரிந்து வந்தது. மூங்கில் குச்சியால் தள்ளினாலே போதும். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் செம்மண் நிறம். அப்புறம் புளியும் உப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். குத்துவிளக்கு துலக்குகிற அதே வேலைதான். கால் அங்குலக் கனத்தில் கணு கொண்ட பித்தளைக் கீல் மூன்று பளபளவென்று வந்து நின்றன. அம்மா ஒன்றைக் கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு, "இதைப் போய் பெயிண்ட் அடிச்சு மூடி வெச்சிருந்தாங்களே" என்று வருத்தப்பட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவித்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுப் புழுதி கிளப்பாதீர்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளாக வாங்கி ஈரத்தோடு தேய்த்து, கழிவைத் துணியில் துடைத்து எடுத்துவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. பெயிண்ட் உரித்த பாத்திரம் திரும்பச் சமையலறைக்குள் போகவே கூடாது. எரித்து உரிக்கும் பழக்கமும் வேண்டாம், அந்தப் புகை மோசமானது.

கதவை மாட்டும்போது நான் ஒரு தப்பு செய்தேன். சித்திரை வெயிலில் மாட்டினேன். நிலைக்கும் கதவுக்கும் இடைவெளியே தெரியாமல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் ரொம்ப சந்தோஷம். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்ததும் கதவு ஊதி, நிலையில் சிக்கிக்கொண்டது. அம்மா உள்பக்கம், மாடு வெளியே. கடப்பாரை வைத்து நெம்பியதில் ஓரத்தில் ஒரு சிம்பு பெயர்ந்துவிட்டது. பிறகு ஊரில் வயதான ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். "காஞ்ச மரந்தான் தம்பி, ஆனா மரம் தண்ணி குடிக்கிறத நிறுத்தாது. ரெண்டு ரூபா காசு நுழையுற சந்து விடணும்" என்றார். கதவின் மேல் நுனிக்கும் அடி நுனிக்கும் நான் வார்னிஷ் பூசாமல் விட்டிருந்ததையும் காட்டினார். மரம் ஈரத்தை அதிகம் இழுப்பது அந்த வெட்டு முகங்களில்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த அடி நுனிக்கும் சுவரைத் தொடும் பாகங்களுக்கும் முந்திரிக்கொட்டையின் மேல் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினேன். எங்கள் பகுதியில் சுலபமாகக் கிடைக்கும். கன்னங்கரேல் என்று இருக்கும், கரையான் அண்டாது. மரப் படகுகளுக்கும் இதைப் பூசுவதுண்டு. தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும், அதனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வாசனையும் நாலைந்து நாள் போகாது. அறைக்குள் தெரியும் பக்கத்துக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கதவுகளிலேயே ஒன்று தரையை உரசிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். உரசும் இடத்தை இழைத்துத் தள்ளுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இழைத்தது இழைத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. முதலில் மேல் கீலைப் பாருங்கள். கதவின் இழுவை முழுக்க அதன்மேல்தான், திருகாணி ஓட்டை தளர்ந்து போயிருக்கும். ஓட்டைக்குள் மூங்கில் சிம்புகளை ஃபெவிகாலில் தோய்த்து நெருக்கமாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவிவிட்டு, அதே திருகாணியைத் திரும்ப ஏற்றுங்கள். ஏற்றும் முன் திருகாணியை மெழுகுவர்த்தியில் ஒரு தேய் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதற்குப் பிறகும் கொஞ்சம் உரசினால் கீழ்க் கீலுக்குப் பின்னால் பழைய காலண்டர் அட்டைத் துண்டு ஒன்றை வையுங்கள். கதவின் அடிப்பாகம் சற்றே வெளியே தள்ளப்பட்டு, தாழ்ப்பாள் பக்கத்து மூலை மேலே ஏறிவிடும். இருபது ரூபாய்கூட ஆகாத வேலை.

ஓட்டு வீடாக இருந்தால் வெளிச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கள் சமையலறையில் பகலிலும் விளக்கு எரியும். சீமை ஓட்டில் இரண்டை எடுத்துவிட்டு அதே அளவுக் கண்ணாடி ஓடு போட்டேன், அடுப்பு மேடை முழுக்க வெளிச்சம் விழுகிறது. வாங்கப் போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டுத் தொழிற்சாலை ஒவ்வொன்றின் அச்சும் ஒவ்வொரு மாதிரி, வேறு அச்சு ஓடு பக்கத்து ஓட்டின் காடியில் உட்காராது, மழை உள்ளே வரும். ஓட்டின் அடியில் பெயர் பதித்திருப்பார்கள். சிலர் 1865 என்று பதித்த ஓட்டைக் காட்டி நூற்றைம்பது வருடத்து ஓடு என்று விலை சொல்வார்கள். அது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, அந்த ஓடு சுட்ட ஆண்டு இல்லை. கூரைமேல் ஏறினால் ஓட்டின் நடுவில் காலை வைக்காதீர்கள், அடியில் ரீப்பர் இருக்கும் வரிசையில் வையுங்கள்.

பின்னால் ஒரே ஓர் அறை மட்டும் எங்களுக்குத் தளம் போட்டது. அதற்கு மாசி மாதத்தில் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட்டு நீற்றி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தளத்தை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கை. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் இரவில் அந்த அறையில் படுக்க முடிகிறது. மழை கரைத்துவிடும், வருடா வருடம் அடிக்கத்தான் வேண்டும்.

பழசாக வாங்கவே கூடாதவை: ஒயர், சுவிட்ச், பிளக், பியூஸ் கட்டை. பீங்கான் சுவிட்ச் அழகாக இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், மின்சாரம் கொடுக்கக் கூடாது. நானும் ஒயரிங்குக்கு மட்டும் ஆள் வைத்துப் புதிதாகவே போட்டு, மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்சும் வைத்தேன். என் மொத்தச் செலவில் பெரிய தொகை அதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. குடிதண்ணீர்க் குழாயும் புதுசுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதை அறுத்தாலும் உடைத்தாலும் கிளம்பும் தூசி நுரையீரலுக்குப் போய்ப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

பரணில் பலாப் பலகை இன்னும் மூன்று மீதி இருக்கின்றன. அம்மா ஊஞ்சல் கேட்டிருக்கிறார்கள். இரண்டை ஒட்டினால் அகலம் சரியாக வரும். பித்தளைச் சங்கிலி எங்காவது இடிக்கும் வீட்டில் கிடைக்குமா என்று சொல்லி வைத்திருக்கிறேன். உத்தரத்தில் மாட்டும் கொக்கியை மட்டும் புதிதாக அடித்துத் தரச் சொல்லிக் கொல்லரிடம் அளவு கொடுத்தாயிற்று.