வாசகர் கேள்வி பதில்: பளியர்களின் அமைதியும் இன்றைய இக்கட்டும்

கேள்வி: எங்கள் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களைப் போன்றவர்கள்தாமா பளியர்கள்?
– ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரு மக்களும் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள், இருவரும் வீட்டில் பேசுவது தமிழின் ஒரு வழக்கையே. ஒப்புமை ஏறத்தாழ அதோடு முடிகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் மலையாளிகள், சாமையும் தினையும் விளைவித்த உழவர்கள். ஊர்க்கவுண்டர், நாட்டார் என்று வழக்குத் தீர்க்கும் பொறுப்புகளையும் வகுத்துக்கொண்டவர்கள். பளியர்களோ பழனிமலை, சிறுமலை, வருசநாடு, மேகமலை, சதுரகிரி என மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். விதைத்து அறுப்பதைவிடத் தேடி எடுப்பதே அவர்களுடைய பழைய பிழைப்பு. காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்தெடுப்பார்கள், மலைத்தேன் எடுப்பார்கள், காட்டுப்பன்றி கிடைத்தால் கறியைச் சமமான கூறுகளாக வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: தீர்ப்புச் சொல்ல ஒருவர் இல்லாமல், பளியர்கள் தங்களுக்குள் எழும் சண்டையை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள்?
– சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். 1962 முதல் 1964 வரை பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த அவர், அவர்களுடைய வாழ்வின் அச்சாணியாகக் கண்டது நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சொல்லை: தரக்குறைவு. ஒருவரை அடிப்பது மட்டுமன்று, அதட்டுவதும், ஏவுவதும், போட்டியிட்டுத் தோற்கடிப்பதும், தன்னை மற்றவரைவிட மேலாகக் காட்டிக்கொள்வதும்கூட அவர்கள் கணக்கில் தரக்குறைவான செயல்களே. இப்படித் தரக்குறைவாக நடத்தப்படாமல் இருக்கும் மதிப்பு பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. கணவனுக்கு உள்ள அதே அளவு மனைவிக்கும், சிறு பிள்ளைக்கும் உண்டு. பிரம்பைக் கையில் எடுக்காமல் வகுப்பை நடத்த முயன்ற ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும்.

மனத்தாங்கல் முற்றுகிறது என்று தெரிந்தால் ஒருவர் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவார். சிறு பிணக்காயின் சற்று நேரம். பெரிதாயின் வேறொரு குடியிருப்புக்கே போய்விடுவார். கணவன் மனைவிக்குள் ஒத்துவராதபோதும் பிரிந்து செல்வதை இழிவாகக் கருதுவதில்லை. நயமாகப் பேசத் தெரிந்த ஒருவர் இடையில் புகுந்து, வேடிக்கையாக ஏதேனும் சொல்லிச் சூட்டைத் தணிப்பதும் உண்டு. ஆனால் அவர் தீர்ப்பு வழங்குவதில்லை. கோபத்தை ஆற்ற, சிரிப்பாணிப் பூ என்ற பூவை நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் பதிவாகியுள்ளது. தென்மாவட்டங்களில் சிரிப்பாணி என்றால் சிரிப்பு. சினத்துக்கு மருந்தாக ஒரு பூவுக்கு இப்படிப் பெயரிட்ட மக்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கேள்வி: இதை அமைதி என்பதா, அச்சம் என்பதா?
– வாழப்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: சமவெளியிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் காட்டும் ஒதுக்கத்தில் அச்சமும் கலந்திருக்கிறது. ஏமாற்றப்பட்ட அனுபவம் அதற்குக் காரணம். ஆனால் தன் மனைவியிடமும், தான் பெற்ற பிள்ளையிடமும், பக்கத்துக் குடிசைக்காரரிடமும் ஒருவர் கையை ஓங்காமல் இருப்பதற்கு அச்சம் எப்படிக் காரணமாகும்? அங்கே வலியவரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். அதைப் பயிற்சி என்றே நான் சொல்வேன்.

கேள்வி: வன உரிமைச் சட்டம் வந்த பின்னும் பளியர்கள் ஏன் இன்னலில் இருக்கிறார்கள்?
– ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: விலகிச் செல்ல வேண்டுமானால் செல்வதற்கு இடம் வேண்டும். காப்பி, ஏலத் தோட்டங்கள் ஒருபுறமும், காப்புக்காடுகளும் சரணாலயங்களும் மறுபுறமும் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டன. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. புலியைக் காப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. காட்டை அழிக்காமல் அதில் வாழ்ந்தவர்களை அந்நியராக நடத்துவதையே மறுக்கிறேன். தேனும் கல்பாசியும் சேகரிப்பவர்கள் விலையைப் பேரம் பேசி உயர்த்தத் தயங்குவதால், இடையில் நிற்கும் வியாபாரி சொன்னதே விலையாகிறது. வாக்குவாதம் தரக்குறைவு என்று வளர்ந்தவருக்குச் சந்தை மிகக் கடினமான இடம்.

2006-ஆம் ஆண்டின் சட்டம், 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அது அனுபவித்துவரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. சிறு வனப்பொருள்களின் மீதும் உரிமை தருகிறது. ஆனால் கிராம சபையில் தொடங்கி, கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று ஒவ்வொரு படியிலும் நின்று, இது என்னுடையது என்று வாதாட வேண்டும். பாறையடியிலும் தழைக்குடிசையிலும் தங்கி இடம் மாறிவந்த முன்னோர்கள் கல்வீட்டையோ வரப்பையோ சான்றாக விட்டுச் செல்லவில்லை.

சாதிச் சான்றிதழும் எளிதாகக் கிடைப்பதில்லை. அதை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். மலையிலிருந்து இறங்கி அவருடைய அலுவலகத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அந்த நாள் கூலி போய்விடும். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் பளியர் என்பதை ஒத்த பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக இருக்கின்றன. சேலத்தில் பழங்குடியாக ஏற்கப்படும் மலையாளி, ஈரோடு மலைகளில் அவ்வாறு ஏற்கப்படாமல் பல்லாண்டுகளாகப் போராடுவதை அறிந்த நம் மாவட்டத்தாருக்கு, பட்டியலில் உள்ள ஓர் எழுத்தும் ஓர் எல்லைக்கோடும் ஒரு பிள்ளையின் படிப்பை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் விதிகளில் பளியர்களுக்குப் பொருந்தும் ஒரு வழி இருக்கிறது: உரிமை கோருபவர் அல்லாத மூத்தோர் ஒருவரின் வாய்மொழியை எழுதிக்கொண்டு, அதைச் சான்றாக முன்வைக்கலாம். கிழங்கு அகழ்ந்த சரிவையும், தேன் எடுத்த பாறையையும், தங்கிய குகையையும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் சில குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, பளியர் இளைஞர்களைக் கொண்டே அவற்றை எழுதி வாங்கும் பணியை ஒவ்வொரு கிராம சபையும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.