பின்சில்லு நழுவுதா? சைக்கிள் கேள்வி-பதில்

யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று தொடங்கினால் பின்சில்லு பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். எதிர்க்காற்றுக்கு எழும்பி நின்று மிதிக்கும்போதுதான் இந்தக் குறை வெளியே தெரியும். இம்முறை வந்தவற்றில் சில.

உரும்பிராயிலிருந்து விடியப்புறம் மரக்கறி மூட்டையோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போறனான். ஏறி நாலு மிதி மிதிக்கப் பின்சில்லு சரிஞ்சு, ரயர் இடப்பக்கக் குழாயில உரசுது. நட்டை இதுக்கு மேல இறுக்க ஏலாது.

இறுக்கினது போதும் ஐயா, நட்டைக் கழற்றுங்கள்.

செயின் இருப்பது வலப்பக்கம். மிதிக்கும்போதெல்லாம் அது அச்சின் வலது முனையை முன்னுக்கு இழுக்கிறது. அந்த முனை முன்னால் போனதும் சில்லின் முன்பக்கம் இடப்பக்கமாகத் திரும்பி உரசுகிறது. இழுவையும் லேசுப்பட்டதல்ல. பெடலைத் தாங்குகிற கிராங் 170 மில்லிமீற்றர் நீளம். 46 பல் செயின்வீலின் ஆரை ஏறக்குறைய 93 மில்லிமீற்றர். ஆகவே பெடலில் வைக்கும் பாரம் செயினில் 1.8 மடங்காகிறது. 60 கிலோ ஆள் ஒருவர் எழும்பி நின்று மிதித்தால் செயின் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்கி நிற்பது இரும்போடு இரும்பு பிடிக்கிற பிடி ஒன்றுதான்.

இனி நட்டைக் கழற்றிய இடத்தைப் பாருங்கள். வாஷர் பதிந்த வட்டத்திலிருந்து முன்பக்கமாக மினுங்குகிற கீறல்கள் ஓடியிருந்தால், அச்சு அந்த வழியாகத்தான் நழுவியிருக்கிறது. அங்கே பெயின்ற் இருக்கும், கிறீஸ் இருக்கும், நம்முடைய செம்மண்ணும் இருக்கும். பெயின்ற் நசிந்து கொடுக்கும், கிறீஸ் வழுக்கும். அச்சு நுழைகிற வெட்டின் இரண்டு முகங்களையும் அரத்தாளால் தேய்த்து, பெற்றோல் துணியால் துடைத்து, காய்ந்த வெறும் இரும்பாக்குங்கள். எண்ணெய் விட வேண்டிய ஒரே இடம் மரை. மரைக்கு ஒரு துளி விட்டால், கை கொடுக்கிற பலம் உராய்வில் வீணாகாமல் இறுக்கத்துக்குப் போகும்.

அடுத்தது, நட்டுக்குக் கீழே அடுக்கியிருப்பவை. மூட்டை கட்டுகிற சைக்கிள் என்றால் கரியர் கால், மட்காட் கம்பி, ஸ்ராண்ட் தகடு எல்லாம் அங்கேதான் தொங்கும். மெல்லிய தகடு வளைந்துகொடுக்கும், அதோடு இறுக்கமும் போய்விடும். பிறேமோடு ஒட்டி முதலில் பல்லுள்ள தடித்த வாஷர் வர வேண்டும். பிறகு கம்பிகளும் கால்களும், கடைசியில் நட். நட்டுக்கு வெளியே அச்சின் மரை இரண்டு சுற்றாவது தெரியாவிட்டால் அச்சு குட்டை. நீளமான அச்சு போடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் வலப்பக்கத்துக்கு ஒரு செயின் அட்ஜஸ்டர் போடுங்கள். அச்சில் மாட்டி, பிறேமின் பின்முனையில் முட்டி நிற்கிற சின்ன ஆணிதான் அது. பாரம் ஏற்றுகிற சைக்கிளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பது என் முடிவு. நட் சற்று இளகினாலும் அச்சை முன்னுக்குப் போக விடாது.

கடையில் புது நட் போட்டோம். கையாலேயே சுகமாகச் சுழன்று ஏறியது. இரண்டாம் நாளே மரை போய்விட்டது. அப்பாவின் பழைய றலி சைக்கிள். (கொக்குவில்)

சுகமாக ஏறியதுதான் குற்றம், தங்கச்சி. பழைய றலியின் பின் அச்சு அங்குலக் கணக்கு: 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 26 மரை. இப்போது கடைகளில் கூடுதலாக இருப்பது 10 மில்லிமீற்றர் அச்சுக்கான நட். அதன் மரை இடைவெளி 1 மில்லிமீற்றர். இரண்டு இடைவெளிகளும் மயிரிழை அளவுதான் வேறுபடும். அதனால் அந்த நட் தடையில்லாமல் ஏறும்; மரையின் நுனிகள் மட்டும்தான் பிடிக்கும். பாரம் வந்ததும் நுனிகள் உரிந்துவிடும். அச்சில் ஏற்றிய நட்டை இறுக்குமுன் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அது உங்களுடையதல்ல. அச்சின் மரையும் தேய்ந்திருந்தால் அச்சு, கோன் (அச்சில் ஏறிக் குண்டுகளைப் பிடிக்கிற கூம்பு), நட் மூன்றையும் ஒரே கணக்கில் மாற்றுவது நல்லது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? மகளின் பள்ளிக்கூடச் சைக்கிளை நானே பூட்டப் பார்க்கிறேன். (சாவகச்சேரி)

ஒரு சாண் நீள ஸ்பனரின் நுனியில் பதினைந்து, இருபது கிலோ பாரத்தைத் தூக்குகிற அளவுக்குக் கையைக் கொடுங்கள், அம்மா. 10 மில்லிமீற்றர் அச்சுக்குப் பெரும்பாலும் 15 ஆம் இலக்க ஸ்பனர் பொருந்தும். வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பனர் வேண்டாம். அது நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

சில்லை நேராக்குவதில்தான் கவனம் வேண்டும். சில்லைப் பின்னுக்கு இழுத்து வலது நட்டைப் பாதி இறுக்குங்கள். பிறகு பெடல் அச்சுக்குப் பின்னால் ரயருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை றிம்மைக் கையால் தள்ளி, இடது நட்டை முழுதாக இறுக்கி, வலதுக்குத் திரும்புங்கள். செயினின் நடுவை விரலால் தூக்கினால் ஒரு சென்ரிமீற்றர் ஆட வேண்டும். பெடலைச் சுற்றி, செயின் ஆக இறுகுகிற இடத்தில் வைத்து அதைப் பாருங்கள். செயின்வீல் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம். சில்லு நகர்ந்தால் பிறேக் கட்டையும் றிம்மை விட்டு விலகும். அதைச் சரிபார்க்காமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிள். நட் இல்லை, மடக்குகிற பிடிதான். அதுவும் நழுவுகிறது.

உங்கள் பிறேமில் அச்சு நுழைகிற வெட்டு படுக்கையாக இருந்தால் இது நடக்கும். செங்குத்து வெட்டில் அச்சு முன்னுக்குப் போக இடமில்லை. பிடியை மடக்கும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். அவ்வளவு இறுக்கியும் நழுவினால் நட் போடுகிற முழு அச்சுக்கு மாறிவிடுங்கள்.

ஊர்காவற்றுறையில் கடலோரம் வீடு. நட் கறள் பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து இரவே மரையில் விடுங்கள். காலையில் முதலில் ஒரு துளி இறுக்குகிற பக்கம் திருப்பிக் கறளை உடைத்த பிறகு கழற்றுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். பூட்டும்போது மரையில் கிறீஸ் பூசி, முகங்களில் பட்டதைத் துடைத்துவிடுங்கள். பூட்டிய மறுநாள் பண்ணைப் பாலம்வரை ஓடிவிட்டு வந்து இரண்டு நட்டையும் இன்னொருமுறை இறுக்குங்கள். புதிதாகச் சுத்தப்படுத்திய முகங்கள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும்.