200 மணி நேரம் என்கிறீர்கள், எனக்கு 65 தான் வருகிறது

கேள்வி: ஊருக்கு வெளியே ஆறு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் சம்பளக்காரர்கள், வார இறுதியில்தான் அங்கே போக முடிகிறது. நாலு ஏக்கர் புல்வெளி, கொஞ்சம் தோட்டம், மரங்கள், அரை கிலோமீட்டர் மண் பாதை. இதுவரை எல்லாவற்றுக்கும் வாடகை டிராக்டர்தான். இப்போது சொந்தமாகச் சின்ன டிராக்டர் ஒன்று வாங்க நினைக்கிறோம். ஷோரூமில் புது 25 ஹெச்பி வண்டிக்கு வட்டியில்லாமல் 60 மாதத் தவணை தருகிறார்கள், ரொக்கம் என்றால் 8% தள்ளுபடி. இன்னொருவர் பழைய 40 ஹெச்பி வண்டியைப் புது வண்டியின் விலையில் பாதிக்குச் சற்று மேல் கேட்கிறார். எங்கள் சேமிப்பு புது வண்டியின் விலையைவிடப் பத்து சதவீதம் அதிகம். அதில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் ஆறு மாதக் குடும்பச் செலவுக்குச் சரியாக இருக்கும். கடன் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 200 மணி நேரமாவது ஓட்டுவோம். பக்கத்து நிலத்துக்காரரான என் மைத்துனர் பங்குக்கு வரவும் தயார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் விலை, தவணை, ஹெச்பி எல்லாம் இருந்தாலும் முடிவைத் தீர்மானிக்கப்போவது கடைசியில் சொன்ன அந்த 200 மணி நேரம். அதை முதலில் சரிபார்ப்போம்.

புல் வெட்டும் கருவியான ஸ்லாஷரை, ஐந்தடி அகலத்தில், மாட்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரும்புவது, ஓரம் கட்டுவது எல்லாம் போக, ஒரு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை ஏக்கர் வெட்டலாம். நாலு ஏக்கருக்கு மூன்று மணி நேரம். ஆண்டுக்கு எட்டு முறை வெட்டினால் 24 மணி. மண் பாதையை நிரவ 10 மணி. தோட்டத்தை உழ 6 மணி. விறகு, மண், எரு, ஜல்லி தூக்குவது என்று சில்லறை வேலைகளுக்குத் தாராளமாக 25 மணி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 65. வார இறுதியில் மட்டும் நிலத்துக்குப் போகிறவர்கள் சொல்லும் மணிக்கணக்கு அநேகமாக எப்போதும் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத்தான் இருக்கும். வேலை செய்த நாள் முழுவதும் டிராக்டர் ஓடியது போல நமக்கு ஒரு நினைப்பு. ஹவர் மீட்டர் இன்ஜின் ஓடிய நேரத்தை மட்டும்தான் எண்ணும்.

சரி, இப்போது செலவு. விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் புது வண்டியின் விலையை 1,000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து அது 450 பங்குக்கு விலை போகும் என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 55. வண்டியில் முடங்கிய பணம் வேறெங்காவது 6% ஈட்டியிருக்கும், சராசரி மதிப்பு 725 என்பதால் அந்த இழப்பு 43. காப்பீடு, கொட்டகை 12. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 110 பங்கு போகிறது. ஓடும் ஒவ்வொரு மணிக்கும் டீசல், ஆயில், பராமரிப்பு 0.4 என்போம். வாடகை வண்டி, ஓட்டுநரோடு சேர்த்து, மணிக்கு 1.5.

65 மணிக்கு வாடகை 97.5 பங்கு. புது வண்டி 110ம் 26ம் சேர்த்து 136.

பழைய வண்டிக்கும் இதே கணக்கைப் போடலாம். 550க்கு வாங்கி, பத்து ஆண்டு கழித்து 350க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 20 தான். ஏனென்றால் பெரிய சரிவை முதல் உரிமையாளர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். வட்டி இழப்பு 27, காப்பீடும் கொட்டகையும் 10. ரிப்பேருக்கென்று தனியாக ஆண்டுதோறும் 25 எடுத்துவைக்கிறேன், இதைக் குறைக்காதீர்கள். மொத்தம் 82. ஓட்டச் செலவு சற்றுக் கூடுதலாக மணிக்கு 0.5. 65 மணிக்கு 114.5 வருகிறது.

அதாவது, வெறும் கணக்கு வாடகையே லாபம் என்கிறது. ஆனால் வாடகைக் கணக்கில் சில விஷயங்கள் விழுவதில்லை. புல் இடுப்பளவு வளர்ந்த வாரம்தான் எல்லோரும் வண்டிக்காரரைக் கூப்பிடுவார்கள், உங்கள் முறை வரும்போது மழை பிடித்துக்கொள்ளும். இருபது நிமிட வேலைக்கு யாரும் வண்டியை இறக்க மாட்டார்கள், வந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் கேட்பார்கள். அந்த 25 மணி சில்லறை வேலை வாடகையில் நடக்கவே நடக்காது. ஆகவே சொந்த வண்டி வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அந்த வசதிக்கு என்ன விலை என்று தெரிந்து வாங்குங்கள். பழைய வண்டியில் அது ஆண்டுக்கு 17 பங்கு. புது வண்டியில் 38க்கும் மேல். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் முதலாவதற்குத் தலையாட்டி, இரண்டாவதற்கு யோசித்திருப்பீர்கள். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் பக்கத்து வாடகையையும் டீசல் விலையையும் போட்டுப் பாருங்கள், இந்த இடைவெளி கூடலாம், குறையலாம்.

அடுத்தது அளவு. கடிதத்தில் உள்ள இரண்டு வண்டிகளும் எனக்குச் சம்மதமில்லை. 40 ஹெச்பி உங்கள் வேலைக்குத் தேவையில்லை. சிறிய ஸ்லாஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு பிடிஓவில் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) நாலு முதல் ஐந்து ஹெச்பி போதும் என்பது நடைமுறைக் கணக்கு. ஐந்தடிக்கு 20 முதல் 25. இன்ஜினில் எழுதியிருக்கும் ஹெச்பி முழுதாகப் பின்னால் உள்ள பிடிஓ தண்டுக்கு வந்து சேராது, பத்து முதல் இருபது சதவீதம் வழியிலேயே போய்விடும். ஆகவே 25 முதல் 30 ஹெச்பி இன்ஜின் சரியான அளவு. விற்பவர் ஹெச்பி சொன்னால், இன்ஜினிலா பிடிஓவிலா என்று கேளுங்கள். பெரிய வண்டி மரங்களுக்கு நடுவே திரும்பாது, ஈர மண்ணை இறுக்கிவிடும், டயர் முதல் ஃபில்டர் வரை ஒவ்வொன்றுக்கும் கூடக் கேட்கும். அதே பாதி விலைக்கு, வயது குறைந்த, நன்றாகப் பராமரித்த 25-30 ஹெச்பி வண்டியைத் தேடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் இருக்கட்டும். மண், எரு அள்ளும் முன்பக்க லோடரில் பாரம் தூக்கும்போது எடை முன் அச்சுக்குப் போய்ப் பின் சக்கரம் பிடி விட்டுவிடும், அப்போது முன் சக்கரமும் இழுத்தால்தான் வண்டி நகரும். லோடர் வேலை அதிகம் என்பதால், கிளட்ச் இல்லாமல் பெடலிலேயே முன்னும் பின்னும் போகவைக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர், முதல்முறை டிராக்டர் வாங்குகிறவருக்குச் சுலபம். சிறிது சக்தியைத் தின்னும், விலையும் கூட. ஆனால் நூறு முறை முன்னும் பின்னும் போகிற வேலையில் கிளட்ச் மிதித்தே கால் ஓய்ந்துபோகாது.

கருவிகளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பட்ஜெட் உடைவதே அங்கேதான். டிராக்டர் தனியாக எதையும் வெட்டாது, உழாது. புது வண்டியோடு லோடர், ஸ்லாஷர், நிரவும் பிளேடு, உழும் ரோட்டவேட்டர் என்று அடுக்கினால் 1,000 பங்கு சுலபமாக 1,300ஐத் தாண்டும். உங்களிடம் இருப்பது 1,100, அதில் தொடக்கூடாத ஆறு மாதச் செலவு வேறு கிட்டத்தட்ட 370. பழைய வண்டி என்றால் லோடரோடு சேர்த்து வருவதாகப் பாருங்கள். பின்னால் தனியாக வாங்கிப் பொருத்துவது, ஹைட்ராலிக் வால்வு, குழாய் எல்லாம் சேர்ந்து, அதிகச் செலவு. வண்டிக்கு 550, ஸ்லாஷருக்கும் பிளேடுக்கும் 100, முதல் சர்வீசுக்கு 50. அந்த ஐம்பதில் எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பேட்டரியும் வெடித்த குழாய்களும் பார்த்துவிடலாம். ஆக 700 போக 400 கையில் நிற்கும். ரோட்டவேட்டர் வாங்கவே வேண்டாம். ஆண்டுக்கு 6 மணி வேலைக்கு வாடகை வண்டியைக் கூப்பிடுங்கள், சொந்த வண்டி இருப்பதால் அது அவமானம் ஒன்றும் இல்லை.

வட்டியில்லாத் தவணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரொக்கத்துக்கு 8% தள்ளுபடி இருக்கும்போது தவணையில் வாங்குகிறவர் அந்த 8 சதவீதத்தை இழக்கிறார். 92 பங்கு பொருளுக்கு 60 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள், ஆண்டு வட்டியாக மாற்றினால் சுமார் 3.3%. பூஜ்யம் இல்லை, ஆனால் மலிவுதான். புது வண்டியே வேண்டும் என்று முடிவெடுத்தால் இந்தத் தவணையை நான் மறுக்க மாட்டேன். ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகுமா, கட்டாயக் காப்பீடு ஏதும் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பாருங்கள். பழைய வண்டிக்குக் கடன் தருகிறவர்கள் பலர் ஃபிளாட் வட்டி சொல்வார்கள். அங்கேதான் கவனம். ஐந்து ஆண்டுக்கு 9% ஃபிளாட் என்றால், குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் அது 16 சதவீதத்துக்குச் சற்றுத்தான் குறைவு. நீங்கள் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் அவர்கள் முதல் நாள் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவதால் வரும் வித்தியாசம் அது. உங்களிடம் ரொக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், கொஞ்ச நேரத்தில் தெளிகிறதா என்பதில் பாதி கதை தெரிந்துவிடும். நீலப் புகை நிற்கவே இல்லை என்றால் ஆயில் எரிகிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பேச்சே வேண்டாம். பின்னால் கருவி மாட்டும் லிங்கேஜில் பாரம் மாட்டித் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். சில நிமிடத்திலேயே தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. லோடர் பக்கெட்டைக் கையால் ஆட்டுங்கள், அதைப் பிடித்திருக்கும் இரும்பு முளைகளில் ஆட்டம் அதிகமானால் கடும் வேலை பார்த்த வண்டி. ஹவர் மீட்டர் 900 காட்டி, பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். பழைய மெக்கானிக்கல் மீட்டர்கள் இன்ஜின் வேகத்தோடு ஓடுபவை, மெதுவாக ஓட்டிய நேரத்தைக் குறைத்தே காட்டும். நன்றாகப் பராமரித்த சிறிய டீசல் வண்டி சில ஆயிரம் மணி நேரம் ஓடும் என்பதால் 1,000 மணியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உதிரிபாகம் கிடைக்காத பிராண்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு ஃபில்டரும் ஒரு வாட்டர் பம்ப்பும் எத்தனை நாளில் வரும் என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிடுங்கள்.

பத்திரங்களிலும் ஒரு கண் வேண்டும். வண்டி மீது கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்தே வண்டியை எடுத்துப் போகலாம். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும், கடன் தீர்ந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் பாரும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். டிராக்டர் விபத்து மரணங்களில் முதன்மையானது வண்டி கவிழ்வதுதான். உங்கள் குடும்பம் இரண்டு சம்பளத்தில் ஓடுகிறது, இந்தக் கணக்கில் அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்லை. பிடிஓ தண்டின் மேல் காப்புறை உடைந்திருந்தால் முதல் சர்வீசிலேயே மாற்றிவிடுங்கள்.

மைத்துனர் விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது மொத்தக் கணக்கையே புரட்டிப்போடுகிறது. அவருடைய வேலை ஆண்டுக்கு 40 மணி என்று வைத்தால் மொத்தம் 105. வாடகை 157.5 ஆகிறது, பழைய வண்டி 134.5 தான். இப்போது சொந்த வண்டி உண்மையாகவே மலிவு. புது வண்டிகூட 152 என்று நூலிழையில் ஜெயிக்கிறது, ஆனால் அதற்கு இருவர் சேமிப்பையும் வழித்தெடுக்க வேண்டும் என்பதால் நான் பழையதிலேயே நிற்கிறேன்.

உறவுக்குள் கூட்டு என்றால் எழுதி வைக்கத் தயங்குவார்கள். ஒரு பக்கம் போதும், எழுதுங்கள். நிலையான செலவு பாதிப் பாதி, ஓட்டச் செலவு ஹவர் மீட்டர்படி, அதற்கு ஒரு நோட்டு வண்டிக் கொட்டகையிலேயே தொங்கட்டும். புல் வெட்டும் வாரத்தில் யாருக்கு முதல் உரிமை, ஓட்டும்போது உடைந்தால் ஓட்டியவர் செலவா பொதுச் செலவா, காப்பீட்டில் இருவர் பெயரும் இருக்கிறதா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டி பத்திரத்தில் யார் பெயரில் இருக்கிறதோ, விபத்தானால் கேள்வி அவரிடம்தான் முதலில் வரும். அப்புறம், ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் எந்த விலைக்கு அவருடைய பாதியை எடுத்துக்கொள்வது என்பது. வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லும் விலையில் பாதி, ஆறு மாதத்துக்குள் பணம் என்று எழுதிவிட்டால் போதும். இதற்கு மைத்துனர் கையெழுத்துப் போடத் தயங்கினால் தனியாக வாங்குங்கள், அந்த ஆண்டுக்கு 17 பங்கு உங்கள் வரவு செலவில் தாங்கக்கூடியதுதான்.