நுண்பிளாஸ்மா விளக்கை நம்பிப் படிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்த உங்கள் மகள், நுண்பிளாஸ்மா விளக்குகளைப் பற்றி வாசித்ததிலிருந்து இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், படித்து முடித்தால் பினாங்கில் வேலை கிடைக்குமா என்று நீங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த விளக்கை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஆனால் அதை மலிவாகவும் பெருமளவிலும் செய்யும் தொழில்முறையைக் கற்பது வீண்போகாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேரி ஈடனும் சுங்-ஜின் பார்க்கும் உருவாக்கிய இவ்வகை விளக்குகளில், தலைமுடியின் தடிமன் அளவேயான குழிகளில் வாயுவை அடைத்து, மின்னழுத்தம் கொடுத்து, பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவாக மாற்றி ஒளிரச் செய்கிறார்கள். இடைவெளி மிகக் குறுகியது என்பதால், சாதாரணக் குழல்விளக்கில் செய்வதுபோல் வாயுவின் அழுத்தத்தை வெகுவாகக் குறைக்க வேண்டியதில்லை. செலவு குறைவதன் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது: குழிகள் அரித்த அலுமினியத் தகட்டை அமிலக் கரைசலில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், மின்காப்பாகிய அலுமினிய ஆக்சைடு குழியின் உட்சுவர்வரை தானே வளர்ந்துவிடுகிறது, ஒவ்வொரு குழிக்கும் தனியாகக் காப்புப் பொருத்தும் வேலை இல்லை. மூடி அடைப்பதில் மட்டும் கவனம் பிசகக் கூடாது, ஏனெனில் சிறிதளவு ஈரமும் காற்றும் கசிந்தாலே ஒளி மங்கிவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்மா தொலைக்காட்சித் திரைகளை, எல்சிடி மலிவானதும், பெரிய நிறுவனங்கள் 2014 வாக்கில் கைவிட்டன. பொது வெளிச்சத்துக்கோ எல்இடி வந்துவிட்டது. நுண்பிளாஸ்மாவுக்கு இன்று மிஞ்சும் நல்ல இடம், கிருமிநீக்கத்துக்கான 222 நானோமீட்டர் புறஊதா விளக்கு போன்ற சிறப்புத் துறைகளே. ஆகவே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பட்டம் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஆனால் வெற்றிடக் கருவி, அரித்தல், படலம் படியவைத்தல், கசிவுச் சோதனை ஆகியவை குறைக்கடத்தித் தொழிலுக்கும் எல்இடிக்கும் பொதுவானவை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் வளர்ந்த தொழிற்பேட்டையில் சில்லுகளைப் பொருத்துதலும் சோதனையுமே மிகுதி என்றாலும், பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிமில் எல்இடி சில்லுகளையே உற்பத்தி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது.

மகளுக்கு இயற்பியல்தான் பிடிக்கிறது என்றால் தடுக்க வேண்டாம். மலாயா பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா ஆய்வு நெடுங்காலமாக நடந்துவருகிறது. அருகிலேயே படிக்க வேண்டுமானால், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தின் பொருளறிவியல் பொறியியலையும் விண்ணப்பத்தில் சேருங்கள். எங்கே போனாலும், வெற்றிடக் கருவியை இளநிலை மாணவர்களே இயக்க விடுவார்களா, தொழிற்பயிற்சி எந்தப் பிரிவில் தருவார்கள் என்று நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.